கெடு சொல்பவர்கள் கணக்கையும் சொல்லட்டும்

2025 மே 26-ந் தேதி காலை மும்பையில் கொட்டிய மழையை இங்குள்ள தமிழர்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டார்கள். லோக்கல் ரெயில்கள் தடுமாறின. பஸ்கள் பாதி வழியில் நின்றன. அன்று ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தவர்களைவிட நனைந்து வீடு திரும்பியவர்களே அதிகம். அதே காலையில் வொர்லியில் உள்ள ஆச்சார்ய அத்ரே சவுக் பாதாள ரெயில் நிலையத்துக்குள் சேறும் தண்ணீரும் அருவியாகப் பாய்ந்தன. முதல்-மந்திரி அந்தப் பகுதியைத் திறந்துவைத்துச் சரியாகப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது.

கட்டி முடிக்கப்படாத ஒரு நுழைவாயிலில் தண்ணீரைத் தடுப்பதற்காக எழுப்பியிருந்த சுவர் இடிந்து விழுந்ததே காரணம் என்று மெட்ரோ நிர்வாகம் விளக்கம் கூறியது. மழை முன்கூட்டியே வந்துவிட்டது என்றும் சொல்லப்பட்டது. அதில் பொய் இல்லை. மும்பையில் பருவமழை தொடங்க வேண்டிய சராசரி நாள் ஜூன் 11. அந்த ஆண்டு மே 26-ந் தேதியே தொடங்கிவிட்டது. பதிவேடுகளில் உள்ளவரை இவ்வளவு முன்னதாக மழை வந்ததில்லை.

ஆனால் ஜூன் 11 என்பது மேகங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அல்லவே! சில வருடம் முன்னும், சில வருடம் பின்னும் வருவதால்தான் அதற்குச் சராசரி என்று பெயர். பூமிக்கு அடியில் ரெயில் நிலையம் கட்டி, அதன் வாசல்களில் ஒன்றை வேலை முடியாமல் வைத்துக்கொண்டு, மே மாதத்தில் பொதுமக்களை உள்ளே அனுமதிக்கும்போது, மழை இரண்டு வாரம் முந்தினால் என்ன செய்வது என்ற கேள்வியை யாராவது ஒரு என்ஜினீயர் ஒரு காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு எதிரே, இன்னார் பொறுப்பு, இன்ன தேதிக்குள் இந்த ஏற்பாடு என்றும் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தார்களோ இல்லையோ, தண்ணீர் உள்ளே வந்தது.

இத்தகைய முன்யோசனை ஏதோ பெரிய படிப்பு படித்தவர்களுக்கே உரியது என்று எண்ண வேண்டாம். தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ திருநெல்வேலிப் பக்கம் தங்கை கல்யாணத்துக்குப் போகும் ஒரு குமாஸ்தாவைப் பாருங்கள். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை என்றால் வியாழக்கிழமை இரவு ஊர் சேரும் ரெயிலில் அவர் டிக்கெட் எடுப்பதில்லை. புதன்கிழமையே போய்ச் சேரும்படி புறப்படுகிறார். திரும்பி வரும் செலவுக்கு உள்ள பணத்தைத் தனியாக முடிந்து வைக்கிறார். வெயிட்டிங் லிஸ்டில் இடம் கிடைக்காவிட்டால் எந்த பஸ் என்றும் விசாரித்து வைத்திருக்கிறார். மூன்று நாள் லீவுக்கு ஐந்து நாள் எழுதிக் கொடுக்கிறார். (அதற்கு மானேஜர் முகம் சுளிப்பது வேறு விஷயம்.) ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் திட்டங்களுக்குத் தேவையான அறிவு இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. வேறுபாடு ஒன்றுதான். குமாஸ்தாவின் கணக்கு தவறினால் அவருக்குத்தான் நஷ்டம். திட்டம் போட்டவர்களின் கணக்கு தவறினால் நஷ்டம் பெரும்பாலும் வேறு யாருக்கோ.

இந்தக் கணக்கைப் போடும் முறை ஒன்றும் ரகசியம் அல்ல. 1958-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ஒரு வழியை வகுத்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதி கேட்காமல் மூன்று கேட்டார்கள். எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள்? வழக்கமாக எத்தனை நாள்? எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள்? ஒரு வேலை நன்றாக நடந்தால் 4 மாதம், வழக்கமாக 6 மாதம், கெட்டால் 14 மாதம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 7 மாதம் வருகிறது. 6 என்று சொன்ன வேலைக்குச் சராசரி 7. ஏன்? வேலை சீக்கிரம் முடிவதற்கு ஓர் எல்லை உண்டு. தாமதம் ஆவதற்கு எல்லை கிடையாது. இப்படிப்பட்ட பத்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டுமென்றால், யாரும் சோம்பி இருக்காமலே, யாரும் திருடாமலே, திட்டம் பத்து மாதம் பின்தங்கிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மெட்ரோ ரெயில் ஓட வேண்டுமானால் சுரங்கம், தண்டவாளம், சிக்னல், மின்சாரம், பெட்டிகள், பணிமனை, பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே நாளில் தயாராக இருக்க வேண்டும். இப்படிப் பத்து விஷயங்கள், ஒவ்வொன்றும் குறித்த நாளில் முடிவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருப்பதாகவே கொள்வோம். ஒன்றையொன்று சாராத வேலைகள் என்றால், பத்தும் சேர்ந்து அன்றே முடிவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தைந்துதான்! ஒவ்வொரு இலாகாவும் "எங்கள் பக்கம் தாமதம் வராது" என்று நல்ல மனதோடு சொல்லும்போதே மொத்தத் திட்டமும் தவறுவதற்கு இதுவே காரணம். அப்படியிருந்தும் மேடையில் சொல்லப்படுவது ஒரே ஒரு தேதி. அது பெரும்பாலும் எல்லாம் நன்றாக நடந்தால் வரக்கூடிய தேதி.

மேலே சொன்ன பாதாள ரெயிலையே எடுத்துக்கொள்ளலாம். கொலாபா, பாந்திரா வழியாக ஆரே காலனி வரை முப்பத்து மூன்றரை கிலோமீட்டர். தாராவியிலும் ஒரு நிலையம் உண்டு. மித்தி ஆற்றுக்கு அடியிலும் சுரங்கம் போகிறது. ஆரம்ப மதிப்பீடு 23,136 கோடி ரூபாய். முடிவில் 37 ஆயிரம் கோடியைத் தாண்டியது. 2021-ல் ஓடும் என்று சொல்லப்பட்ட ரெயிலின் முதல் பகுதி 2024 அக்டோபரில்தான் ஓடியது. முழுப் பாதையும் திறக்கப்பட்டது 2025 அக்டோபரில். பாறையைக் குடையும் வேலையில் தாமதம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் ரெயில் பெட்டிகளை நிறுத்தும் பணிமனைக்கு இடம் எது என்ற வழக்கு அதைவிடப் பெரிய தலைவலியாகிவிட்டது. ஆரேயில் மரம் வெட்டுவதை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். 2019-ல் வேலை நிறுத்தப்பட்டது. 2020-ல் பணிமனை காஞ்சூர்மார்க்குக்கு மாற்றப்பட்டது. அங்கே ஐகோர்ட்டு தடை விதித்தது. 2022-ல் ஆட்சி மாறியதும் மீண்டும் ஆரேக்கே வந்தது. மரத்தின் பக்கம் நியாயமா, ரெயிலின் பக்கம் நியாயமா என்பது தனி விவாதம். இடம் பற்றி ஊரில் கருத்து வேற்றுமை இருக்கும்போது அதை முதலில் பேசித் தீர்க்காமல் சுரங்கத்தைக் குடையத் தொடங்கினால், சுரங்கம் முடிந்து நிற்கும். பெட்டிக்கு இடம் இராது.

தெரியாததை எதிர்கொள்வதற்கு நல்ல பாடம் மும்பைக்கு அருகிலேயே இருக்கிறது. கொங்கண் ரெயில்வே 1990-ல் தொடங்கப்பட்ட கழகம். ரோஹாவிலிருந்து மங்களூர் அருகே வரை சுமார் 740 கிலோமீட்டர். தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்கள், சிறிதும் பெரிதுமாக இரண்டாயிரத்துக்கும் அதிகமான பாலங்கள். ஐந்து வருடத்தில் முடிப்பது என்று தலைவர் ஸ்ரீதரன் கெடு வைத்தார். எஞ்சிய நாட்களைப் பின்னோக்கி எண்ணிக் காட்டும் கடிகாரங்களை அலுவலகங்களில் மாட்டினார். ஆனால் முழுப் பாதையில் ரெயில் ஓடியது 1998 ஜனவரி 26-ந் தேதிதான். கோவாவில் பாதை எங்கே போக வேண்டும் என்று எழுந்த கிளர்ச்சி ஒரு காரணம். மண் இன்னொரு காரணம். சஹ்யாத்திரியின் கடும் பாறையைக் குடைய சுவீடனிலிருந்து இயந்திரங்கள் வந்தன; அந்த வேலை மளமளவென்று நடந்தது. கெட்டியான பாறை அவர்களைத் தோற்கடிக்கவில்லை. நனைந்த களிமண்தான் தோற்கடித்தது. கோவாவின் பெர்னம் சுரங்கத்தில் தோண்டத் தோண்ட மண் சரிந்து மூடியது. இயந்திரம் வைக்க முடியாமல் கையாலேயே அங்குலம் அங்குலமாகத் தோண்ட வேண்டியிருந்தது. அந்தச் சரிவுகளில் தொழிலாளர்கள் மாண்டார்கள். பாதை முழுவதும் காத்துக் கிடந்தது அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்காக!

இதே ஸ்ரீதரன் தமிழ்நாட்டுக்குப் புதியவர் அல்ல. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி கடலில் விழுந்தபோது, அதைச் சீராக்க ஆறு மாதம் என்றது ரெயில்வே. மூன்றே மாதத்தில் முடிக்கச் சொன்னார் மேலதிகாரி. 46 நாளில் முடிந்தது. புது உத்தரங்கள் செய்து வரவழைப்பதற்குப் பதிலாக, கடலுக்குள் கிடந்த பழைய உத்தரங்களையே தூக்கியெடுத்துப் பொருத்தியதுதான் அதன் சூட்சுமம். என்ன தொலைந்தது, என்ன மிச்சம் இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்த்ததால் கிடைத்த நேரம் அது. பாம்பனில் 46 நாளில் முடித்தவருக்கும் பெர்னம் களிமண் பல ஆண்டு பிடித்தது என்றால், கெடு என்பது மனிதனின் உறுதியை மட்டும் பொறுத்ததல்ல என்று தெரியவில்லையா?

ரெயில் ஓடத் தொடங்கிய பிறகும் கொங்கண் பாதையில் அபாயம் தீரவில்லை. 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே மண்சரிவில் ரெயில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு வருடம் ஜூனிலேயே கரஞ்சாடி அருகே மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு பாலத்திலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகு நிர்வாகம் மழையோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டது. மலைச் சரிவுகளைச் சாய்வாக வெட்டியது. உருளும் பாறைகளைப் பிடிக்க வலை போட்டது. இரவும் பகலும் தண்டவாளத்தில் நடந்து பார்க்க நூற்றுக்கணக்கான காவலர்களை நிறுத்தியது. மழைமானிகளைப் பொருத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக்காலத்துக்கென்று தனி ரெயில் அட்டவணை வெளியிடுகிறது. கனமழையில் பாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று டிரைவர்களுக்கு உத்தரவு.

பன்வேலில் ஏறி ஊருக்குப் போகிறவர்கள் ஜூலை மாதத்தில் ரெயில் ஊர்ந்து போகிறதே என்று அலுத்துக்கொள்வது உண்டு. ஆனால் அது தாமதமே அல்ல. அந்த நேரம் முன்பே அட்டவணையில் அச்சிட்டுத் தரப்பட்டிருக்கிறது. ஊரில் அழைத்துப் போக வருகிறவர் அதற்கேற்ப வருகிறார். மழை எந்த நாளில் எங்கே மண்ணைச் சரிக்கும் என்று கொங்கண் ரெயில்வேக்கும் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கான விலையை வெளிப்படையாக, எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்கிறது. அந்த விலை சில மணி நேரம்.

வேகத்தின் விலையையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டெல்லி மெட்ரோவின் முதல் கட்டம் கெடுவுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்னதாகவே 2005-ல் முடிந்தது என்று நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். அதே டெல்லியில் 2009 ஜூலை 12-ந் தேதி ஜம்ருத்பூரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் மாண்டனர். ஸ்ரீதரன் பொறுப்பேற்று ராஜினாமா கடிதம் கொடுத்தார், அது ஏற்கப்படவில்லை. பொறுப்பை ஏற்பதாகச் சொன்ன அந்த ஒரு கடிதமே இந்த நாட்டில் அபூர்வம். ஆயினும் இறந்தவர்கள் கடிதம் எழுதும் நிலையில் இல்லை.

காண்டிராக்டு முறையே இப்படித்தான் அமைந்திருக்கிறது. மிகக் குறைந்த விலை எழுதியவருக்கே டெண்டர். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத வேலையில், அந்த அபாயத்துக்கென்று பணம் ஒதுக்கி நேர்மையாக விலை போட்டவருக்கு வேலை கிடைக்காது. ஒதுக்காதவருக்குக் கிடைக்கும். கிடைத்தவர் அதைத் துண்டு துண்டாக உபகாண்டிராக்டு விடுவார். அவர் இன்னொருவருக்கு. கடைசியில் மண் சரியும்போது அடியில் நிற்பவர் பீகாரிலிருந்தோ ஒரிசாவிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்த ஒரு தினக்கூலி. டெண்டரில் எழுதப்படாத அபாயம் இப்படி அவர் தலையில் வந்து விடிகிறது. 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம், கட்டிடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று வரி வசூலித்து நல வாரியம் நடத்த வழி செய்தது. பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்தவர் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. அந்த 90 நாளுக்குச் சான்று தர மேஸ்திரிகள் காட்டும் தயக்கம் தொழிலாளர்களுக்குத் தெரியாததல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு வைத்துக்கொள்வதும், கூலிச் சீட்டைக் கிழித்தெறியாமல் வைத்திருப்பதும் நல்லது.

மும்பைத் தமிழர்களைப் பொறுத்தவரை இந்தப் பேச்செல்லாம் கடைசியில் தாராவிக்குத்தான் வந்து நிற்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரன் பேத்திகள் வாழும் இடம். அதை இடித்துக் கட்டும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது 2004-ல். 2018-ல் விட்ட டெண்டரை 2020-ல் ரத்து செய்தது. ரெயில்வே நிலத்தைத் திட்டத்தில் சேர்க்க வேண்டி வந்ததே காரணம் என்றது. 2022-ல் புது டெண்டர் அதானி குழுமத்துக்குப் போனது. மறுவாழ்வு வேலைக்கு ஏழு வருடம் என்று சொல்லப்பட்டது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு. 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே இரண்டரை லட்ச ரூபாய்க்கு வீடு. மாடியில் குடியிருப்பவர்களுக்கு வாடகையாகக் கட்டி வாங்கும் முறை என்று பிரித்தார்கள்.

ஏழு வருடம் என்பது எந்தத் தேதி? நன்றாக நடந்தால் வரும் தேதியா, வழக்கமாக வரும் தேதியா? ரெயில் நான்கு வருடம் தாமதமானால் பஸ்ஸில் போகலாம். வீடு நான்கு வருடம் தாமதமானால் எங்கே போவது? மும்பையில் இடைக்கால முகாமுக்கு என்று போய் இருபது, முப்பது வருடம் அங்கேயே கிடந்த குடும்பங்கள் உண்டு. பிள்ளை அங்கே பிறந்து, அங்கேயே கல்யாணமும் ஆகியிருக்கிறது. வீட்டிலேயே தையல் மெஷினும் இட்லிப் பானையும் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு, இடம் மாறினால் வாடிக்கையும் போகிறது. அந்த நஷ்டம் எந்த மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. பல பில்டர்கள் குடிசைவாசிகளுக்கு வாடகை பாக்கி வைத்து ஏமாற்றிய பிறகு, எஸ்.ஆர்.ஏ. எனப்படும் குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. இரண்டு வருட வாடகையை பில்டர் முன்பணமாகக் கட்ட வேண்டும். மூன்றாம் வருடத்துக்குப் பின்தேதியிட்ட காசோலைகள் தர வேண்டும் என்றது. எளிய உத்தரவுதான். ஆனால் அதன்பின் தாமதத்தின் சுமை குடியிருப்பவரின் தோளிலிருந்து, தாமதத்தைத் தடுக்கக்கூடியவரின் தோளுக்கு மாறுகிறது. தாராவியிலும் ஒவ்வொரு குடும்பத்தோடும் செய்யும் உடன்படிக்கையில் இது போன்ற வாசகம் இருக்க வேண்டும். வீடு தர வேண்டிய தேதி, அது தவறினால் வாடகை யார் தருவது, எத்தனை வருடம், கம்பெனி மாறினால் அந்தப் பொறுப்பு யாருடையது, டெண்டர் மறுபடி ரத்தானால் முகாமில் இருப்பவரின் உரிமை என்ன, இவை எழுத்தில் வேண்டும். மராத்தியிலும் இங்கிலீஷிலும் மட்டும் போதாது. கையெழுத்திடுபவர் படிக்கும்படி தமிழிலும் நகல் தர வேண்டும். இதைக் கேட்பது திட்டத்தை எதிர்ப்பது ஆகாது. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழா நோட்டீசுக்குச் செலவழிக்கும் உழைப்பில் பாதியை, ஒரு வக்கீலை உட்கார வைத்து இந்தப் பத்திரங்களைப் படித்துச் சொல்வதில் செலவழித்தால் எவ்வளவோ பேருக்கு உபகாரமாக இருக்கும்.

அதுவரை குடியிருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய மின்சார பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், சர்வே எடுக்க வந்தவர்கள் கதவில் எழுதிய எண் ஆகியவற்றைப் போட்டோ எடுத்து, ஒரு நகலை வீட்டிலும் ஒரு நகலை ஊரில் உள்ள உறவினரிடமும் வைத்திருங்கள். தாராவியில் மழைத் தண்ணீர் முதலில் புகுவது கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டிக்குள்தான்.